இறையச்சமும் ஏனையச்சமும்

மக்கள் உள்ளத்தில் நிகழும் உணர்ச்சிகள் மெய்யின்கண் வெளிப்படுமாற்றை ஆராய்ந்த தொல்காப்பியனார், மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின்கண் பிறக்கும் என்பது அவர் துணிபு. முன்னைய மூன்றும் நமக்குத் தீங்கு விளைப்பன. நான்காவதோ அத்தகையதன்று. நம்மைக் காக்குந் தலைவன்மாட்டு நாம் கொள்ளும் அச்சம், அவன் பெருமையையும் நம் சிறுமையையும் உணர்தலாற் பிறப்பது. அஞ்சத்தகுவதற்கு அஞ்சுதல் அறிவுடையார் தொழிலென்பது வள்ளுவர்க்கும் உடன்பாடு. ஆதலின் அச்சம் முழுவதையும் இழிந்ததென ஒதுக்குதல் கூடாது. யாருக்கு அஞ்சுகின்றோம் என்பதே ஆராயத்தக்கது.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 4-ம் அதிகாரம் இதனை நன்கு விளக்கும். ஒருநாள் மாலை இயேசு பெருமானும் சீஷரும் கலிலேயாக் கடலைப் படகிற் கடந்தனர். பெருங்காற்று எழுந்தது; அலைகள் மோதிப் படகில் நீர் நிரம்பலாயிற்று. பெருமான் தலையணைமேற் கண்துயின்றார். சீஷருட் சிலர் அக்கடலிலேயே வலைவீசி வாழ்ந்தவர். எனினும் உயிருக்கு அஞ்சி அவரை எழுப்பினர். அவர் காற்றை அதட்டினார், பேரமைதி உண்டாயிற்று. வரலாறு இவ்வளவில் முடிந்திலது. அமைதி உண்டானபின் சீஷர் மிகவும் பயந்தனர் என்கின்றார் மாற்கு. காற்றுங் கடலும் கீழ்ப்படியும் இவர் யாரோ என்பதே அவ்வச்சம். புயலச்சம் நீங்கிய இடத்தே இறையச்சம் குடிபுகுந்தது.

இவ்வுண்மையைக் கற்றல் எளிது, கைக்கொள்ளல் அரிது. இதற்கு ஜான் வெஸ்லி ஐயர் வாழ்க்கையே சான்று. 1703-ம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த அவர், ஆக்ஸ்போர்டு லிங்கன் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கியவர்; 1728-ல் குருப்பட்டம் பெற்றவர்; நோன்பும் செபமும் வழுவாதவர். 1735-ல் வட அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவிற்கு ஊழியஞ்செய்யக் கப்பலேறினார். ஜெர்மானியராகிய மொரேவியக் கிறிஸ்தவர் சிலரும் அக்கப்பலிற் சென்றனர். ஆங்கிலர் செய்ய நாணிய பணிகளை அவர்கள் கூலி பெறாது பிறர்க்குச் செய்தனர். யாரேனுந் தள்ளினும் அடிப்பினும் முறையிடாது அகன்றனர். செருக்கினின்று விடுபட்ட இவர்கள் அச்சத்தினின்றும் விடுபட்டனரோ என அறிய ஐயர் விழைந்தார்.

1736-ம் ஆண்டு ஜனவரி 25-ம் நாள் அதற்கு வாய்ப்பு நேர்ந்தது. மொரேவியர் சங்கீதம் பாடி வழிபடுகையில், கடல் பொங்கிக் கப்பலின் பெரும்பாயைக் கிழித்துத் தட்டுகளினிடையே புகுந்தது. ஆங்கிலர் அலறினர், மொரேவியரோ இடையறாது பாடினர். பின்னர் ஐயர் அவருள் ஒருவரை நோக்கி, அஞ்சவில்லையோ என வினவினார். அவர் கடவுளுக்கு நன்றி கூறி, இல்லை என்றார். பெண்டிரும் பிள்ளைகளும் அஞ்சவில்லையோ எனக் கேட்டதற்கு, அவர்களும் சாவுக்கு அஞ்சுவோரல்லர் என்பதே விடையாயிற்று.

கற்றுவல்ல குரு சாவுக்கு அஞ்சினார். கல்லாச் சிறுவர் அஞ்சிலர். என்னை காரணம்? கடவுளைப்பற்றி அறிதல் வேறு. கடவுளைப் பற்றுதல் வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்த ஐயர் ஈராண்டு உளம் நொந்து தேடினார். 1738 மே 24-ம் நாள் இலண்டனில், ரோமர் நிருபத்திற்கு லூத்தர் எழுதிய முகவுரை படிக்கப்படுகையில், கிறிஸ்து ஒருவரையே தாம் நம்பியிருப்பதை உணர்ந்தார். அன்றே அவர்தங் கலக்கமெல்லாம் ஒழிந்தன என்பதன்று. பின்னும் அவை வந்தன. ஆயினும் 1743-ல் வென்ஸ்பெரியில் வெகுண்ட கூட்டத்தார் அவரைப் பற்றி ஈர்த்தபோது, அஞ்சி ஓடாது, அவர்கள் நடுவே நின்று செபித்தார்.

இதனால் நாம் அறிவது யாது? விசுவாசம் புயல் வாராதென்னும் உறுதிச்சீட்டன்று. புயல் தணிந்தபின் மொரேவியர் பாடினரல்லர், புயலினூடே பாடினர். மேலும், அவர்கள் அஞ்சாமையைப் புயல்நாளிற் பெற்றாரல்லர். கூலிபெறாப் பணியிலும் அடிபொறுத்த அமைதியிலும் நாடோறும் பயின்று பெற்றனர். தன்னையே பெரிதாக மதிப்பவன் தன் இழப்பிற்கு ஓயாது அஞ்சுவான். தன்னைத் தலைவன் கையில் ஒப்படைத்தவனுக்கோ இழக்க என்ன உளது?

மாணவராகிய நாம் அச்சம் நான்கினையும் விடைத்தாளில் அடைவே எழுதவல்லோம். எழுதுமுன் தேர்வுமண்டப வாயிலில் நின்று நடுங்கவும் வல்லோம். தேர்வுத் தோல்வி, வறுமை, வேலையின்மை, பிறர் பழிச்சொல் எனப் பற்பல நம்மை அச்சுறுத்துகின்றன. அவற்றைக் கண்டு உள்ளம் நடுங்குதல் பாவமன்று. அந்நடுக்கத்திற்கு நம்மை ஆளும் உரிமையை நல்குதலே பிழை. நம் இறைவன்மாட்டுக் கொள்ளும் அச்சம் அடிமையச்சமன்று. தந்தை உள்ளம் நோகாவண்ணம் ஒழுக விரும்பும் மகனது அன்பச்சம். அவ்வன்பு நிறையுமளவிற்கு ஏனையச்சங்கள் புறம்போம் என்பது வேதவுண்மை. படகில் நாம் தனித்திருப்பவரல்லேம். துயில்வார்போற் காணப்படினும், கரைசேர்க்க வல்லவர் நம்மோடு உளர். அவரை அறிவதோடு அமையாது, பற்றவும் இன்றே தொடங்குவோமாக.