மறுசீரமைப்பு என்பது யாது?

வானொலியிலும் செய்தித்தாளிலும் "மறுசீரமைப்பு" என்னும் சொல் அடிக்கடி வருகிறது. ஓர் இலாகா மற்றொன்றோடு இணைகிறது. ஒரு வாரியம் பெயர் மாறுகிறது. அப்போது தொழிலாளர் உள்ளத்தில் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. கிடைத்து வந்த உதவி நின்றுவிடுமோ? இனி யாரிடம் செல்வது?

பணியைக் கைவிடுவது மறுசீரமைப்பு ஆகாது. பணியை வைத்துக்கொண்டு, அதனைச் செய்யும் அமைப்பை மாற்றியமைப்பதே மறுசீரமைப்பு. பால் மரத்தில் ஒரு பக்கத்துப் பட்டை தீர்ந்ததும் மறுபக்கத்தில் வெட்டத் தொடங்குகிறோம். மரமும் வேரும் மாறுவதில்லை. வெட்டும் இடமே மாறுகிறது.

நமது ரப்பர் தொழிலிலேயே இதற்குச் சான்று உண்டு. 1925-ஆம் ஆண்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதிகப் பால் தரும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற மர இனங்களை அது உருவாக்கியது. ஆராய்ச்சி, வளர்ச்சிப் பணிகளை ஒருங்கிணைக்க ஒரு வாரியமும், ரப்பர் சந்தையையும் வாணிக உரிமங்களையும் கவனிக்க மற்றொரு வாரியமும் தனித்தனியே இயங்கின. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இம்மூன்றும் இணைந்து, 1998 ஜனவரி 1-ஆம் நாள் மலேசிய ரப்பர் வாரியம் ஆயின.

நாற்று, பால், பதனிடுதல், விற்பனை ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். வாங்குவோர் விரும்பும் தரத்தை ஆய்வாளர் அறியவேண்டும். ஆய்வாளர் கண்டதைத் தோட்டம் அறியவேண்டும். ஒரே கூரையின்கீழ் இது எளிதாகலாம். ஆனால் அமைப்பு பெரிதாகும்போது கடைக்கோடியில் இருப்பவரின் குரல் எட்டத் தாமதமாவதும் உண்டு. எனவே, சேவை மக்களை வந்தடைகிறதா என்பதே மறுசீரமைப்பின் உரைகல்.

ரப்பர் தொடர்பான யாவும் அன்று ஒன்றாகிவிடவில்லை. எதற்கு எங்குச் செல்வது என்பதை நினைவில் கொள்க:

1. மர இனம், பால் வெட்டும் முறை, ரப்பர் வாங்கி விற்கும் உரிமம்: ரப்பர் வாரியம்.

2. சிறு தோட்டக்காரர்களின் மறுநடவு: 1973-இல் அமைந்த ரிஸ்டா.

3. முதுமைக்காலச் சேமிப்பு: 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி.

4. வேலையில் நேரும் விபத்து: 1971 முதல் இயங்கும் சொக்சோ.

5. சம்பளப் பாக்கி: தொழிலாளர் இலாகா.

இணைப்புச் சட்டங்கள் பொதுவாகப் பழைய அமைப்பின் சொத்துகளையும் கடமைகளையும் புதிய அமைப்பிடம் ஒப்படைக்கின்றன. ஆகவே, பழைய பெயர் அச்சிட்ட கடிதம்தானே என்று எதனையும் கிழித்தெறியலாகாது. உறுப்பினர் எண், ரசீது, விண்ணப்பப் படி ஆகியவற்றை ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். உரிமையை மெய்ப்பிக்க அவையே துணை.

அடுத்தமுறை ஓர் அலுவலகம் மாறுவதாக அறிவிப்பு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் காரியம் இனி யார் பொறுப்பு? எந்நாள் முதல்? முன்பு கொடுத்த விண்ணப்பம் என்னவாகும்? கேட்பது குற்றமன்று, விடையளிப்பது அலுவலகத்தின் கடமை. விடையை எழுத்தில் பெறுவது மேலும் நன்று. எழுதப் படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் இதனை எடுத்துக் கூறுங்கள்.