கட்டைவிரல் கற்றுத்தந்த பாடம்

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களில் பலர், 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நான் வலக்கையில் கட்டோடு வகுப்பு எடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். "என்ன டீச்சர், கை ஒடிந்துவிட்டதா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இல்லை, கட்டைவிரலில் சின்ன அடி" என்று சொல்லிச் சமாளித்தேன். அது சின்ன அடி அல்ல. சின்ன அடி என்று நானே நம்பிக்கொண்டு இரண்டு வாரத்தை வீணாக்கியதால் ஏற்பட்ட தொல்லையை இங்கே எழுதுகிறேன். ஊரைவிட்டு வந்து வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களில், உடம்பில் பட்ட அடியை "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒருவராவது இதைப் படித்துவிட்டு மறுநாளே மருத்துவரிடம் போனால், நான் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்ததாக நினைத்துக்கொள்வேன்.

விழுந்த கதை

புனே ஒரு காலத்தில் சைக்கிள்களின் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். அந்தப் பெருமையைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் நினைத்து நான் சைக்கிள் ஓட்டவில்லை. மகன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அவனுடைய கியர் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. கோத்ரூடிலிருந்து ராஸ்தா பேட்டில் இருக்கும் வகுப்புக்கு ஞாயிறு காலையில் அதில் போய்வர ஆரம்பித்தேன். 50 வயதில் இது தேவையா என்று வீட்டுக்காரர் கேட்காமல் இல்லை.

ஜூலை மாதம், விடாத தூறல். கர்வே சாலையில் ஒரு ரிக்ஷா சட்டென்று குறுக்கே திரும்பியது. பதறிப்போய் வலக்கை பிரேக்கை மட்டும் முழுமூச்சாகப் பிடித்துவிட்டேன். நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை பிரேக் முன் சக்கரத்துக்கு உரியது. நனைந்த வெள்ளைக்கோட்டின் மேல் முன் சக்கரம் வழுக்கியது. விழும்போதும் நான் கைப்பிடியை விடவில்லை. உடம்பு ஒரு பக்கம் போக, கைப்பிடிக் குழாய் கட்டைவிரலை வெளிப்புறமாக விரித்து இழுத்தது. முழங்காலில் ரத்தம் வந்ததால் எல்லோரும் முழங்காலைத்தான் பார்த்தார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். கட்டைவிரல் கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "நம்ம ஊரா இருந்தா ஒரு கட்டுப் போட்டு விட்டிருப்பாங்கம்மா, அங்கே யாரு இருக்கா?" என்று வருத்தப்பட்டார். இங்கேயும் ஆள் இருந்தார். தெரிந்தவர் சொன்ன ஒருவரிடம் போனேன். சுளுக்கு என்று சொல்லி, எண்ணெய் தடவி, விரலைப் பிடித்து இழுத்துவிட்டார். அன்று இரவு தூங்க முடியவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன அடி என்று தெரியாமல் விரலை இழுக்கக் கொடுத்தது என் தவறு. பிறகு பத்து நாள் தைலம், மஞ்சள் பற்று, வெந்நீர் ஒத்தடம்.

வீக்கம் வடிந்தது. ஆனால் வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. வகுப்பில் சுண்ணக்கட்டி விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவி விழுந்தது. 15-ஆம் நாள் எலும்பு மருத்துவரிடம் போனேன்.

விரலுக்குள் என்ன இருக்கிறது?

மருத்துவர் எனக்கு விளக்கியதைப் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்கிறேன். உங்கள் கையைப் பாருங்கள். மற்ற நான்கு விரல்களிலும் மூன்று மூன்று எலும்புகள். கட்டைவிரலில் மட்டும் இரண்டு. ஆக ஒரு கையின் விரல்களில் 14 எலும்புகள். கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் இருக்கும் மூட்டின் இரு பக்கமும் உறுதியான நார்க்கட்டுகள் உண்டு. எலும்பை எலும்போடு கட்டுவது லிகமெண்ட். தசையை எலும்போடு கட்டுவது டெண்டன். இரண்டும் வேறு வேறு. ஆள்காட்டி விரலை நோக்கியிருக்கும் பக்கத்து லிகமெண்ட்தான் எனக்கு அறுந்தது.

சாவி திருப்புவது, பேனா பிடிப்பது, ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறப்பது, புடவைக் கொசுவத்தைச் செருகுவது ஆகிய எல்லாவற்றிலும் ஆள்காட்டி விரல் கட்டைவிரலை வெளியே தள்ளுகிறது. தள்ளுகிற வேகத்தைத் தாங்கி விரலை நிறுத்திவைப்பது அந்த நார். அது போனால் கட்டைவிரல், கீல் கழன்ற கதவுபோல் ஆடும்.

கட்டைவிரலின் மதிப்பு என்ன என்று சட்டத்தைக் கேட்டால் அதுவும் பதில் சொல்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010-இல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் முதல் அட்டவணையில் சுண்டுவிரலை முழுதாக இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 7 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30 என்று இருந்தது. துரோணர் ஏகலைவனிடம் எந்த விரலைக் கேட்டார் என்பதை நினைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது!

இந்தக் காயம் மருத்துவ உலகுக்குப் பழையது. ஸ்காட்லாந்தில் வேட்டைக்காடுகளின் காவலர்கள் முயல்களைக் கையாலேயே கழுத்தை முறித்துக் கொல்வார்களாம். பல ஆண்டுகள் இதையே செய்ததில் அவர்களுடைய கட்டைவிரல் நார் தளர்ந்துபோனதை 1955-இல் காம்ப்பெல் என்ற மருத்துவர் விவரித்தார். பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் கையில் கோலோடு விழும்போதும் இதே நார் அறுகிறது. என் விஷயத்தில் கோலுக்குப் பதில் சைக்கிள் கைப்பிடி.

எக்ஸ்ரேயில் தெரியாதது

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் எழுந்துவிட்டேன். மருத்துவர், "உட்காருங்கள் அம்மா, எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது" என்றார். முதலில் இடக்கைக் கட்டைவிரலை மெல்ல வெளிப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், பிறகு வலக்கையை. இடது விரல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. வலது விரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. (இந்தச் சோதனையை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். பாதி அறுந்ததை முழுதாக அறுத்துவிடும்.) பிறகு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்.

நார் பாதி கிழிந்திருந்தால், கட்டைவிரலை அசையாமல் வைக்கும் கட்டோ பட்டையோ 4 முதல் 6 வாரம் போட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். முழுதும் அறுந்தால் சில சமயம் ஒரு சிக்கல் நேர்கிறது. அறுந்த முனை பின்னால் சுருண்டுவிட, ஒரு தசையின் மெல்லிய படலம் இரண்டு முனைகளுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. 1962-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸ்டெனர் இதைக் கண்டு எழுதினார். பாவாடை நாடாவின் ஒரு முனை மடிப்புக்குள் போய்விட்டால், வெளியே இருக்கும் முனையோடு முடிச்சுப் போட முடியுமா? அதைப்போலத்தான். எத்தனை மாதம் கட்டுப் போட்டாலும் இரண்டு முனைகளும் சேராது. எனக்கு நேர்ந்தது அதுவே.

"முதல் வாரமே வந்திருக்கலாமே. இரண்டு மூன்று வாரத்துக்குள் என்றால் அறுந்த நாரையே திரும்பத் தைத்துவிடலாம். மாதக்கணக்கில் போனால் நார் சுருங்கிவிடும். வேறு இடத்திலிருந்து நார் எடுத்துப் போட வேண்டிவரும். அப்படியே விட்டால் மூட்டுத் தேய்ந்து வாதம் வரும்" என்றார். 18-ஆம் நாள் அறுவை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, எலும்பில் ஒரு சிறு ஆணி பதித்து, நாரை அதோடு தைத்தார்கள்.

இடக்கை நாட்கள்

நான்கு வாரம் மாவுக்கட்டு. சமையலறை வீட்டுக்காரர் கைக்குப் போனது. பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் தினமும் காலையில் வந்து பின்னல் போட்டுவிட்டார்.

மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு என் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டியிருந்தது. 25 ஆண்டுகளாகத் தமிழிலேயே கையெழுத்துப் போடுகிறவள் நான். இடக்கையால் போட்ட கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. உடல்நலக் குறைவால் கையெழுத்துப் போட இயலாத வாடிக்கையாளர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டியிருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இது தெரிந்திருப்பது நல்லது. மை தொட்டு இடக்கைக் கட்டைவிரலை ஒற்றினேன். இந்தியில் 'அங்கூட்டா சாப்' என்றும் தமிழில் 'கைநாட்டு' என்றும் எழுதப்படிக்கத் தெரியாதவர்களை நாம் ஏளனமாகச் சொல்கிறோம் அல்லவா? அன்றிலிருந்து அந்தச் சொற்களை நான் வாயில் எடுப்பதில்லை.

வகுப்பை நிறுத்தவில்லை. கரும்பலகையில் எழுத முடியாததால் எழுத்துகளை வாயால் சொல்ல வேண்டியிருந்தது. 'ழ' எழுத எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் வளைப்பது, எங்கே கீழே இறங்குவது என்று நான் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பலகையில் எழுதினார்கள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை நாளும் அவர்கள் எழுத்தைப் படம்போல் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். எங்கே தொடங்குவது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நானே பலகையை நிரப்பிக்கொண்டிருந்தவரை இது என் கண்ணில் படவே இல்லை.

பன்னிரண்டு கணு, பன்னிரண்டு உயிர்

மாவுக்கட்டைப் பிரித்த அன்று விரல் குச்சிபோல் விறைத்திருந்தது. இனி எழுதவே முடியாதோ என்று அழுதுவிட்டேன். பிஸியோதெரபி செய்யும் பெண், கழற்றி மாட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்து, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை அதைக் கழற்றி, கட்டைவிரல் நுனியால் மற்ற விரல்களைத் தொடச் சொன்னார். கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது என்பதை அளக்க 1986-இல் கப்பாஞ்ஜி என்ற பிரெஞ்சு மருத்துவர் 10 புள்ளி அளவுகோல் ஒன்றை வகுத்தாராம். சுண்டுவிரல் நுனியைத் தொட்டால் 6, அதன் அடிக் கணுவைத் தொட்டால் 9.

இதைக் கேட்டதும் என் பாட்டி விரல் கணுக்களில் ஜபம் எண்ணியது ஞாபகம் வந்தது. நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆக 12. நம் உயிரெழுத்தும் 12! ஆள்காட்டி விரல் நுனியில் 'அ', நடுவில் 'ஆ', அடியில் 'இ' என்று தொடங்கிச் சுண்டுவிரல் அடியில் 'ஔ'வில் முடித்தேன். முதல் வாரம் சில கணுக்களை மட்டும் தொட முடிந்தது. அடிக் கணுக்கள் எல்லாம் வலித்தன. வகுப்புப் பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து தொட்டுச் சொன்னார்கள். "டீச்சர், இன்னைக்கு எதுவரைக்கும்?" என்பதுதான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை வணக்கம். அறுவை முடிந்து எட்டாம் வாரம் 'ஔ'வைத் தொட்டபோது கைதட்டினார்கள். இரண்டு ஆண்டாக உயிரெழுத்து வரிசையில் தடுமாறிய ஒரு சிறுவன், அதற்குள் தடங்கலின்றிச் சொல்லக் கற்றிருந்தான்.

பிறகு பஞ்சை அமுக்குவது, தளர்ந்த சப்பாத்தி மாவைப் பிசைவது என்று மெல்ல வலுவேற்றினோம். அழுத்திப் பிடிக்கும் வேலைகளுக்கு 12 வாரம் வரை தடை. 13-ஆம் வாரம் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் 'ழ' எழுதினேன். கொஞ்சம் கோணல்தான். இன்றும் குளிர்காலக் காலைகளில் அந்த மூட்டு விறைக்கிறது, ஆனால் சாவி திரும்புகிறது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. கையில் அடிபட்டால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழலாது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து, கையை உயர்த்தி வையுங்கள்.

2. என்ன அடி என்று தெரியாமல் இழுக்கவோ, உருவவோ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

3. கட்டைவிரல் அடியில் உட்பக்கம் வீக்கமும், ஒரு காகிதத்தைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாத பலவீனமும் இருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். விரல் கோணலாகவோ மரத்தோ இருந்தால் அன்றே போங்கள்.

4. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதால் எல்லாம் சரி என்று பொருள் அல்ல. "நார் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.

5. பயிற்சியை மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். தொடங்கிய பின் ஒரு நாளும் விடாதீர்கள்.

6. சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாகப் பிடியுங்கள். மழையில் வெள்ளைக்கோடுகளையும் சாக்கடை மூடிகளையும் தவிர்த்து ஓட்டுங்கள்.

சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போதும் ஞாயிறு காலையில் அதில்தான் வருகிறேன், மழை இல்லாத நாட்களில். பிள்ளைகளை உயிரெழுத்துச் சொல்லச் சொன்னால் அவர்கள் விரல் கணுவைத் தொட்டுக்கொண்டே சொல்வதை வீட்டில் கவனித்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.