இணைய மறுக்கும் தொலைக்காட்சி

புனே நகரின் கிழக்கே, முளா–முட்டா ஆற்றங்கரையில் கராடி அமைந்துள்ளது. தகவல் தொழில்நுட்பப் பணிக்காக இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அவர்தம் இல்லங்களுக்குத் தமிழ்ச் செய்தியையும் பாட்டையும் கொண்டுவருவது திறன் தொலைக்காட்சி. அஃது அருகலையுடன் இணையாவிடில் என்ன செய்வது?

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரக் கருத்து. இங்கும் அதுவே வழி.

முதலில், கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதனை வீட்டு அருகலையில் இணைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் இணையம் வராவிடில், குறை பெரும்பாலும் திசைவியிலோ இணைய இணைப்பிலோ உள்ளது. திசைவியை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இயக்க வேண்டும்.

கைப்பேசியில் வந்தால், தொலைக்காட்சியை ஆராய வேண்டும். ஆங்கிலக் கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை. நாளும் நேரமும் தவறாக இருப்பினும் செயலிகள் இயங்காமற் போகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆயினும் சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். சில தொலைக்காட்சிகள் இதனை மட்டுமே ஏற்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் உண்மைக் காரணம் புலப்படும்.

சொற்பொருள்
திறன் தொலைக்காட்சி – ஸ்மார்ட் டிவி
அருகலை – வைஃபை
திசைவி – ரவுட்டர்

பயிற்சி
1. கைப்பேசியை முதலில் சோதிப்பது ஏன்?
2. பிரித்து எழுதுக: வலுவிழக்கும் = ______ + ______