தகடூருக்கு அரை நாள் கொடுங்கள்

விடுமுறைக்குத் தருமபுரிப் பக்கம் வரும் தம்பதிகள் பலரும் ஊரில் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "ஒகேனக்கல் பஸ் எங்கே நிற்கும்?" என்பதுதான். அருவியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் இறங்கி நிற்கும் இடம் ஒரு பழைய தலைநகரம். சங்க காலத்தில் இதற்குத் தகடூர் என்று பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர், ஔவையார் வந்து தங்கிய ஊர். தில்லிக்கோ ஜெய்ப்பூருக்கோ போனால் கோட்டை, மியூசியம் என்று நாள் முழுக்கச் சுற்றுகிறோம். நம் தமிழ்நாட்டுத் தலைநகரம் ஒன்றுக்கு அரை நாளாவது கொடுங்கள் என்று உங்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். காலையைத் தகடூருக்கும் மதியத்துக்கு மேல் காவிரிக்கும் ஒதுக்கினால் எல்லாம் ஒரே நாளில் முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதியமானின் அரண்மனை என்று காட்ட இங்கே எதுவும் மிஞ்சவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து இந்த ஊரை அழித்தான். "தகடூர் எறிந்த" என்பதே அவன் பெயருக்கு அடைமொழியாகிவிட்டது. அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலும் முழுதாகக் கிடைக்கவில்லை. அதனால் பெரிய மதில்களை எதிர்பார்த்து வராதீர்கள். இந்த ஊரைக் கோயிலின் அடிப்பகுதியிலும் நடுகல்லிலும்தான் தேட வேண்டும். அப்படித் தேடுபவர்களுக்கு நிறையவே கிடைக்கும்.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர், சேலத்திலிருந்து 65 கிலோமீட்டர். இரண்டு ஊர்களுக்கும் நடுவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே தருமபுரி இருக்கிறது. சேலம்–பெங்களூர் ரயில் பாதையும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. முந்தைய நாள் இரவே வந்து தங்கிவிடுவது நல்லது. கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலைப் பொழுதுதான் உங்கள் மூலதனம்.

ஏழு மணி வாக்கில் கோட்டைக் கோயிலில் இருங்கள். ஆட்டோக்காரரிடம் "கோட்டைக் கோயில்" என்றால் போதும். மல்லிகார்ச்சுனேசுவரர் கோயிலும் காமாட்சி அம்மன் சந்நிதியும் இங்கே இருக்கின்றன, பக்கத்திலேயே பெருமாள் கோயிலும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர்களின் கலைப்பாணியை இங்கே பார்க்கலாம். சிவன் கோயில் மண்டபத்தில் தொங்கும் தூண் ஒன்று இருக்கிறது. அதன் அடி தரையில் படாது. உள்ளூர்க்காரர்கள் துண்டையோ தாளையோ அடியில் நுழைத்து மறுபக்கம் இழுத்துக் காட்டுவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் அத்துடன் போய்விடாதீர்கள். காமாட்சி அம்மன் சந்நிதியின் வெளிப்பக்கம் வந்து, அடிப்பகுதியைப் பார்க்கக் குந்தி உட்காருங்கள். கையகலச் சிற்பங்களாக ராமாயணம் வரிசையாக ஓடுகிறது. நின்றபடி பார்த்தால் வெறும் கல்வரிபோலத்தான் தெரியும். உட்கார்ந்து பார்த்தால்தான் வில் எது, வால் எது என்று பிரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு உருவத்தின் ஓரமும் நிழலோடு எடுப்பாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் அந்தத் தெளிவு போய்விடும். ஒருவர் ஒரு முனையிலிருந்தும் மற்றவர் மறுமுனையிலிருந்தும் தொடங்கி, எந்தக் காட்சி எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. தடவிப் பார்க்க மட்டும் வேண்டாம். கைபட்டுக் கைபட்டுத்தான் பல முகங்கள் மழுங்கிப்போயிருக்கின்றன.

அடுத்து, நகருக்குள்ளேயே இருக்கும் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். கட்டடம் சிறியது. விடுமுறை நாளா என்று முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இந்த நாளில் விட்டுவிடக் கூடாத இடம் இதுதான். தருமபுரிச் சுற்றுவட்டாரத்திலும் பக்கத்துச் செங்கம் பகுதியிலும் கிடைத்த அளவுக்கு நடுகற்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது மாண்டவன், ஊரைக் காக்க நின்று வீழ்ந்தவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு சாவு இருக்கிறது. மேலே வட்டெழுத்தில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும் அவன் எப்படி இறந்தான் என்பதும் வெட்டியிருக்கும். கீழே வில்லோ வாளோ ஏந்திய உருவம். சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகளைக்கூடச் செதுக்கியிருப்பார்கள். காலடியைக் கவனியுங்கள். சிறு கள் குடமோ, மீட்டுவந்த மாடோ இருக்கலாம்.

அந்தக் குடத்தின் முன் நிற்கும்போது ஔவையாரை நினைத்துக்கொள்ளுங்கள். அதியமான் இறந்து, அவனுக்கும் நடுகல் எடுத்து, மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளை ஏற்பானா என்று கேட்கிறார் ஔவை. புறநானூற்றின் 232ஆம் பாட்டு அது. புறப்படும் முன் இருவரும் ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள். நெல்லிக்கனிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம், அந்த நட்பு எப்படி முடிந்தது என்பதை இந்தக் கற்களுக்கு முன் நின்றுதான் உணர முடியும்.

அங்கிருந்து கிளம்பினால் சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டரில் அதியமான்கோட்டை. டவுன் பஸ் உண்டு, ஆட்டோவும் பேசிக்கொள்ளலாம். காலபைரவர் கோயிலுக்குத்தான் இங்கே கூட்டம். தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வெளிமாநிலத்திலிருந்தும் வருகிறார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அந்த நாளில் வாருங்கள். நிம்மதியாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். சென்றாயப் பெருமாள் கோயிலில் அவ்வளவு கூட்டம் இருக்காது. அண்ணாந்து பாருங்கள், மண்டபத்து விதானத்தில் ராமாயண, மகாபாரத ஓவியங்கள் இருக்கின்றன. நிறம் மங்கியிருந்தாலும் கோடுகள் உயிரோடு இருக்கின்றன. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். ஔவை நெல்லிக்கனி பெறும் சிலையுள்ள அதியமான் கோட்டமும் இந்தப் பக்கம்தான். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

அதியமான் வெறும் பாட்டிலுள்ள அரசன் என்று யாராவது சொன்னால் ஜம்பையைச் சொல்லுங்கள். இப்போதைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் 1981இல் ஒரு தமிழி கல்வெட்டு கிடைத்தது. சதியபுதன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைப்பள்ளி என்று அதில் எழுதியிருக்கிறது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து அசோகர் தன் பாறைக் கட்டளையில் குறிப்பிடும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அதில்தான் விடை கிடைத்தது. மூவேந்தருக்குச் சமமாக அசோகரே பெயர் சொன்ன மரபின் தலைநகரில்தான் நீங்கள் காலையைக் கழித்திருக்கிறீர்கள்.

பதினொன்றரைக்குள் தருமபுரி பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பென்னாகரம் தாண்டினால் காடும் மலை இறக்கமும். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள், கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டும் நடக்காதீர்கள்.

சாப்பாட்டை ஒகேனக்கல்லில் வைத்துக்கொள்வதே சரி. ஆற்று மீனை நீங்களே பார்த்து வாங்கி, பக்கத்தில் சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலுமாகச் செய்து தருவார்கள். மீன் விலை வேறு, சமையல் கூலி வேறு. இரண்டையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பும்போது சாப்பாடு தயாராக இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் தருமபுரியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. ராகிக் களியும் கீரைக் கடைசலும் இந்த மாவட்டத்தின் சொந்தச் சாப்பாடு, எங்கேயாவது போர்டில் பார்த்தால் விடாதீர்கள்.

அருவியில் குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் கூப்பிடுவார்கள். பரம்பரையாக இந்தத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள், கைப்பக்குவம் அருமை. கூலியைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஒகேனக்கல் பாறைக்கு அடியில் எவ்வளவு ஆழம், எங்கே சுழல் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. செல்ஃபிக்காகப் பாறை நுனிக்குப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், ஒருவர் வழுக்கினால் இருவரும் போவீர்கள்.

பரிசலுக்கு மூன்று மணிக்குள் போய்விடுங்கள். கட்டணத்தைக் கவுண்டரில் எழுதிப் போட்டிருப்பார்கள். நீங்கள் இருவர் மட்டும் தனியாகப் போக விரும்பினால் முழுப் பரிசலுக்கும் கட்ட வேண்டியிருக்கும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், கொடுத்ததை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மூங்கிலில் பின்னிய வட்டப் படகு. அதை ஒரே துடுப்பால் பாறை இடுக்குகளுக்குள் செலுத்திக்கொண்டு போகிறார் பரிசல் ஓட்டி. இரண்டு பக்கமும் செங்குத்தான கல்சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர், மேலே நூல்நூலாக இறங்கும் அருவிகள். பரிசலைச் சுழற்றிக் காட்டட்டுமா என்று கேட்பார். தலைசுற்றல் உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மிக முக்கியமான குறிப்பு: கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். சில நேரம் நாள் கணக்கில் நீடிக்கும். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அளக்கிறார்கள். "விநாடிக்கு இத்தனை கன அடி" என்று பத்திரிகையில் தினமும் வரும். ஜூலை முதல் அக்டோபர் வரை வருபவர்கள் அந்தச் செய்தியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஆடிப்பெருக்கு நாட்களில் கூட்டம் தாங்காது. மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர், ஜனவரியில் வருவதுதான் என் சிபாரிசு.

இந்த ஆறு சுற்றுலாவுக்கு மட்டுமானதல்ல. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்துப் பல்லில் கறையும் எலும்பில் வலியுமாகத் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. ஜப்பான் நிதியுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகிறது. நீங்கள் ஷாம்புப் பாக்கெட்டையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் வீசுவது இத்தனை ஊர்களின் குடிதண்ணீரில்தான். குப்பையைப் பையில் போட்டுத் திருப்பி எடுத்துவாருங்கள்.

சொந்த வண்டியில் வந்தவர்கள் போகும்போதோ வரும்போதோ பாப்பாரப்பட்டி வழியாக வாருங்கள். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று உயிர் துறந்த ஊர் அது. சிறையில் தொற்றிய தொழுநோயைக் காரணம் காட்டி ஆங்கில அரசு அவரை ரயிலில் ஏற விடவில்லை. அவர் நடந்தே ஊர் ஊராகப் போனார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று இங்கேதான் இடம் தேடிக்கொண்டார். இப்போது அவருக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் காட்டுச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டியதில்லாதபடி ஒகேனக்கல்லிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்.