விலை போகாத வீடா?

பூட்டிக் கிடக்கும் வீட்டில், பார்க்க வருபவரை முதலில் விரட்டுவது வாடைதான். குளியலறைத் தரைத் துவாரத்துக்குக் கீழே நிற்கும் நீர் வற்றிவிட்டால் சாக்கடைக் காற்று நேரே உள்ளே ஏறும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

சுவரில் ஓதமா? கசிவை அடைக்காமல் பெயின்ட் மட்டும் அடித்தால், அடுத்த மழையில் உப்புப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மாடுலர் கிச்சனுக்கு லட்சங்களைக் கொட்ட வேண்டாம்; வாங்குபவர் எப்படியும் தன் ரசனைக்கு மாற்றுவார். ஒழுகும் குழாய், இறுகிய கதவு, எரியாத விளக்கு இவற்றைச் சரிசெய்தாலே போதும்.

பலர் வங்கிக் கடனில்தான் வாங்குகிறார்கள். அதனால் வங்கி கேட்கும் தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாவற்றுக்கும் நகல் தயாராக இருக்கட்டும். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால், வீட்டைக் காட்டும் முன்பே மாற்றிவிடுங்கள்.