ஃப்ளூ டெஸ்ட்: அக்காகிட்ட கேட்டுட்டு லேபுக்குப் போ!

மழைக்காலம் வந்தா வீட்டுல ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்குக் காய்ச்சல். லேப்ல "ரேபிட் டெஸ்ட் எடுத்துடலாம்"னு சொன்னா, உடனே தலையாட்டாதே தங்கச்சி. "ஆன்டிஜென் கார்டா, மாலிக்யூலரா?"னு கேளு. ரெண்டையுமே ரேபிட்னுதான் சொல்வாங்க.

கோடு விழற கார்டு, வைரஸோட புரதத்தைத் தேடுது. அது கொஞ்சமா இருந்தா கோடே விழாது. மாலிக்யூலர் டெஸ்ட், வைரஸோட ஆர்.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும். அதனால துளி இருந்தாலும் பெரும்பாலும் மாட்டிக்கும். ரிசல்ட்டும் 15 முதல் 30 நிமிஷத்துல வந்துடும். 2017-ல பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. ஏ வகை ஃப்ளூ இருக்கிற 100 பேர்ல பழைய வகை கார்டு கண்டுபிடிச்சது சுமார் 54 பேரை. ரேபிட் மாலிக்யூலர் சுமார் 92 பேரை. அதாவது கார்டுல நெகட்டிவ்னு வந்தா, ஃப்ளூ இல்லேன்னு முழுசா நம்பிட முடியாது. பாசிட்டிவ்னு வந்தா, அதுவும் ஃப்ளூ சீசன்ல, ரெண்டையுமே நம்பலாம்.

எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் சாம்பிள் சரியில்லேன்னா வீண்தான். காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் மூணு, நாலு நாளுக்குள்ள எடுத்துடு. மூக்கு நுனியில சும்மா தடவிட்டு விட்டா, "சரியா எடுங்க"ன்னு சொல்லத் தயங்காதே. குழந்தை அழுதா மடியில உட்கார வெச்சுத் தலையைப் பிடிச்சுக்கோ. மூக்குல ஸ்ப்ரே பண்ற ஃப்ளூ தடுப்பு மருந்து சமீபத்துல போட்டிருந்தா முன்னாடியே சொல்லிடு, அதுவே பாசிட்டிவ் காட்டலாம். காய்ச்சல் சரியானதும் "நெகட்டிவ் ஆயிடுச்சா"ன்னு மறுபடி டெஸ்ட் எடுக்காதே. செத்த வைரஸோட மிச்சம்கூட மாலிக்யூலர்ல தெரியும். காசுக்குத்தான் கேடு.

உண்மையில, லேசான காய்ச்சல், இருமல்னா டெஸ்ட்டே வேண்டாம்னுதான் நம்ம அரசோட வழிகாட்டுதலும் சொல்லுது. ஓய்வு, கஞ்சி, பாராசிட்டமால் போதும். ஃப்ளூ நெகட்டிவ்னு வந்தும் காய்ச்சல் விடலேன்னா டெங்குவையும் பார்க்கச் சொல்லு.

ஆனா கர்ப்பிணி, 65 தாண்டின மாமனார் மாமியார், கைக்குழந்தை, ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் இருக்கிறவங்க விஷயம் வேற. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையைக் காய்ச்சல் வந்த முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும். அவங்களுக்கு ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்காம டாக்டரைப் பார்த்துடு. மூச்சு வாங்கினா, உதடு நீலமானா, குழந்தை துவண்டு கிடந்தா, கையில நெகட்டிவ் ரிப்போர்ட் இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடு.