வெல்டிங் வேலைக்கேற்ற உடுப்பு: தேர்ந்தெடுக்கும் விதமும் பேணும் விதமும்

மரக்கலப்பையின் கொழு தேய்ந்தால் கொல்லனுடைய உலைக்கு எடுத்துச் செல்வது முன்னாள் வழக்கம். இந்நாளில் டிராக்டர்க் கலப்பையின் கொத்து முறிந்தாலும், டிரெய்லரின் சட்டம் விண்டாலும் மின்சார வெல்டிங்கே பரிகாரமாயிருக்கின்றது. நெல்லும் மணிலாவும் பயிராகும் தேவிகாபுரம், ஆரணிப் பக்கத்து நிலச்சுவான்தார்களில் சிலர் வெல்டிங் மிஷினைத் தம் களத்துமேட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடும். மிஷினை வாங்குவோர் அதனுடன் தக்க உடுப்பையும் வாங்கவேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லுங்கியும் மெல்லிய சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக வெல்டிங் செய்வோரைக் காரணம் கேட்டால், "வெக்கை தாங்கவில்லை" என்பார்கள். இதை அசட்டையென்று தள்ளிவிடலாகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் நமது பக்கத்தில் வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. எவ்வளவு உயர்ந்த உடுப்பாயினும், பத்து நிமிஷத்தில் கழற்றி எறியப்படுமானால் அதனால் பயனில்லை. ஆகையால் வேலை முடியும்வரை உடம்பில் தரித்திருக்கக் கூடியதும், தீக்குத் தாங்குவதுமான உடுப்பையே நாடவேண்டும்.

அபாயங்கள் மூன்று. முதலாவது, தெறிக்கும் பொறி. எஃகு சுமார் 1,500 டிகிரியில் உருகுவதாகையால், பொறியென்று நாம் சொல்வது உருகிய இரும்பின் துளியே. இரண்டாவது, வில்லொளி. இதிலுள்ள புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். கண்ணெரிச்சல் உடனே தோன்றாமல் சில மணி நேரங் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் விழுந்தாற்போல் உறுத்தும். மூன்றாவது, மின்சாரம். வியர்வையில் நனைந்த துணியும் உறையும் மின்சாரம் பாய்வதற்கு இடங்கொடுக்கும்.

துணியைத் தெரிந்தெடுத்தல்: பாலியெஸ்டர், நைலான் முதலிய செயற்கை இழைகள் ஏறக்குறைய 220 முதல் 260 டிகிரிக்குள் உருகிவிடும். உருகியது தோலில் ஒட்டிக்கொண்டு ஆறும்வரை சுடும். பருத்தி உருகுவதில்லை, கனமாகவும் நெருக்கமாகவும் நெய்த பருத்தியில் விழுந்த பொறி பெரும்பாலும் கருக்கிவிட்டு அணைந்துபோகும். ஆனால் கடையில் "காட்டன்" என்று விற்பதெல்லாம் பருத்தியாகா. இதைக் கண்டறியும் பரீட்சை தேவிகாபுரத்து நெசவாளர் வீடுகளுக்குப் புதிதன்று. பட்டு நூலை எரித்தால் மயிர் கருகும் நாற்றம் வீசும். சாம்பல் விரலால் நசுக்கப் பொடியாகும். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டரோ சுருங்கி உருகி, நசுக்கினாலும் உடையாத கருமணியாக இறுகும். துணியின் ஓரத்திலிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு இவ்வாறு சோதிக்கவேண்டும். ஒன்று பருத்தியாயிருந்து மற்றது கலப்பாயிருப்பதும் உண்டு. இழுத்தால் நீளும் ஜீன்ஸ் துணியில் செயற்கை இழை கலந்திருப்பதால் அதையும் விலக்குக.

கனம்: சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் உள்ள துணி நன்று. 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டை நகைக்கடைத் தராசில் நிறுத்தால் 3 கிராம் இருக்கவேண்டும். விலை அதிகமாயினும் தீத்தடுப்புப் பக்குவம் செய்த பருத்தி இன்னும் மேலானது. வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 11611 என்ற முத்திரையைப் பார்க்கவும். அதில் முதல் வகுப்பு இலேசான வேலைக்கும், இரண்டாம் வகுப்பு பொறி மிகுதியாகத் தெறிக்கும் வேலைக்கும் உரியவை.

தையல்: கை மணிக்கட்டுவரையும், கழுத்து பொத்தான் போடும்படியும் இருத்தல் அவசியம். மூடியில்லாத பையும், மடித்துத் தைத்த கால்சட்டை விளிம்பும் பொறியைத் தாங்கி நிறுத்திவிடும். ஆகையால் அவை கூடா. கால்சட்டை பூட்ஸின்மேல் தொங்கவேண்டும், உள்ளே செருகலாகாது. பருத்தி நூலால் தைக்கச் சொல்லவேண்டும். பாலியெஸ்டர் நூல் உருகினால் தையல் விட்டுப்போகும். சற்றுத் தளர்வாகத் தைத்தால் உள்ளே காற்று உலாவும். நிறம் கருமையாயிருப்பின், முகமூடிக்குள் ஒளி திரும்பிப் பாய்வது குறையும்.

தோல்: உடம்பு முழுவதையும் தோலால் மூடுவது நமது சீதோஷ்ணத்திற்கு ஒவ்வாது. பொறி விழும் முன்பக்கத்திற்குத் தோல் ஏப்ரனும், கைகளுக்கு முழங்கைவரை எட்டும் தோலுறையும் போதும். முதுகு பருத்தித் துணியோடு காற்றாட இருக்கலாம். தோல் பதனிடுதலுக்குப் பேர்போன ஆம்பூரும் இராணிப்பேட்டையும் நமக்குத் தூரமல்ல. இரண்டு ஜோடி உறை வைத்துக்கொண்டு, ஒன்று வியர்வையில் நனைந்ததும் மற்றதை மாற்றிக்கொள்ளவேண்டும். சூடான இரும்பை உறையால் தூக்கினால் தோல் விறைத்துச் சுருங்கும். அதற்கு இடுக்கியே தகுந்தது.

பேணுதல்: டீசல், கிரீஸ் படிந்த உடுப்பு திரிக்குச் சமானம், துவைத்த பிறகே அணிக. பக்குவம் செய்த துணிக்குப் பிளீச்சிங் பொருளை உபயோகிக்கலாகாது. ஓட்டை விழுந்தால் பருத்தித் துண்டால் ஒட்டுப்போடுக. துணி நைந்துவிட்டால் தள்ளிவிடுக. வேலையைக் காலையிலும் மாலையிலும், பக்கம் திறந்த கொட்டகை நிழலில் வைத்துக்கொண்டால் உடுப்பின் பாரம் தெரியாது.

இவ்வளவு முன்னெச்சரிக்கையையும் மீறித் தீப்புண் பட்டால், ஒட்டிய துணியைப் பிடுங்கலாகாது. இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மசியும் மஞ்சளும் பூசுதல் தீது.

முடிவாக ஒரு வார்த்தை. வெல்டிங் செய்பவர் முகமூடி அணிந்திருக்க, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் உதவியாள் வெறுங்கண்ணோடும் வெறும் மார்போடும் நிற்பதைக் காண்கிறோம். ஒளியும் பொறியும் இருவரையும் ஒன்றுபோலவே தாக்கும். ஆகவே உடுப்பும் முகமூடியும் இரண்டு ஜோடியாக வாங்குவது நிலமுடையாரின் கடமை. ஊராட்சி வேலைகளில் வெல்டிங் நடக்கும்போது கிராம அதிகாரிகளும் இதைக் கேட்டறிவது நலம். முறிந்த கொத்துக்கு மாற்றுக் கொத்து கடையில் கிடைக்கும். கண்ணுக்கும் கைக்கும் அவ்வாறு கிடையாது.